அந்த ‘மாதிரி’

“எங்கள் வீட்டு வேலைக்காரியை நாங்கள் வேலைக்காரியாகவே நினைப்பதில்லை, சார். வீட்டு மனுஷி மாதிரிதான்!”

இப்படிச் சொல்லாத நடுத்தரக் குடும்பம் ஒன்றை நான் இதுவரை சந்தித்ததில்லை. சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த ‘மாதிரி’ என்ற ஒரு சொல்லின்மேல்தான் எனக்கு வழக்கு. வீட்டு மனுஷிக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடுகிறோம். வீட்டு மனுஷி மாதிரி இருப்பவளுக்குக் காய்ச்சல் வந்தால், “நாளைக்காவது வந்துடுவே இல்லே?” என்று கேட்கிறோம். வீட்டு மனுஷியின் தம்ளர் அலமாரியில் இருக்கிறது. ‘மாதிரி’யின் தம்ளர் ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து கிடக்கிறது. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கிற அன்றைக்கு மட்டும் ‘மாதிரி’ உதிர்ந்துபோய் அவள் அசல் வீட்டு மனுஷியாகவே ஆகிவிடுகிறாள். “நமக்குள்ளே என்னம்மா கணக்கு?”

இந்தச் சொல்லின் சூட்சுமம் புரியாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் அந்த வீட்டில் உண்டு. அது குழந்தை. தன்னைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள், தன்னோடு தரையில் உட்காருகிறவள், தான் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறவள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தச் சிநேகத்தைப் பெரியவர்கள் தங்களுக்குச் சௌகரியமான மட்டும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சௌகரியம் தீர்ந்ததும் கத்தரித்துவிடுகிறார்கள்.

ஆர். கே. நாராயண் ‘லீலாவின் சிநேகிதன்’ என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியது, 1943-ல் வந்த ‘மால்குடி டேஸ்’ தொகுதியில் இருக்கிறது. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். சித்தா என்பவன் வேலை தேடி வாசலில் வந்து நிற்கிறான். முன்பு எங்கே இருந்தான் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. வீட்டு எஜமானன் சிவசங்கர் தயங்குகிறான். ஐந்து வயது லீலாவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போகிறது. நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். தீர்ந்தது விஷயம். இரண்டு வேளைச் சாப்பாடு, மாதம் 4 ரூபாய். அதற்கு அவன் துணி துவைக்க வேண்டும், தோட்டம் பார்க்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், கடைக்கு ஓட வேண்டும். லீலாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சித்தா பந்தை ஆகாயத்தில் எறிகிறான். அது சந்திரனைத் தொட்டுவிட்டு வந்தது என்கிறான். லீலா நம்புகிறாள். பதிலுக்கு அவள் ராத்திரியில் புத்தகமும் பென்சில் துண்டுமாக உட்கார்ந்து அவனுக்கு எழுதச் சொல்லித் தருகிறாள். அவனுக்கு வரவில்லை, அவள் விடுவதாகவும் இல்லை. இந்த இடத்தில் எத்தனை பேர் நின்று கவனித்திருப்பீர்களோ தெரியாது. அந்தக் கதையில், சித்தாவுக்குத் தெரியாத ஒன்றை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அந்த ஐந்து வயதுப் பெண்தான். மற்றவர்கள் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு லீலாவின் கழுத்துச் சங்கிலி காணாமற்போகிறது. தாய் சித்தாவை விசாரிக்கிறாள், அவன் மறைந்துவிடுகிறான். போலீஸுக்குப் போகிறார்கள். குழந்தைகளின் நகையைத் திருடிப் பல தடவை சிறைக்குப் போய் வந்த ஆசாமி அவன் என்பது இன்ஸ்பெக்டர் வாயால் வெளிவருகிறது. சில நாளில் பிடித்தும் கொண்டுவருகிறார்கள். லீலா சந்தோஷமாக ஓடுகிறாள். அவனை விட்டுவிடுங்கள், எனக்கு அவனோடு விளையாட வேண்டும் என்கிறாள். அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் ஒரு நாள் தாய் புளிப் பானைக்குள் கையை விடுகிறாள், உள்ளே சங்கிலி! போட்டது லீலாவேதான்.

“ஐயோ பாவம், அவன் எடுக்கவேயில்லையே!” என்று இந்த இடத்தில் கண்கலங்குகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களோடுதான் என் சண்டை. சங்கிலி புளிப் பானையில் இல்லாமல் அடகுக் கடையில் இருந்திருந்தால் உங்கள் கண்ணீர் எங்கே போயிருக்கும்? ஆக, நீங்கள் அழுதது சித்தாவுக்காக இல்லை. அவன் நிரபராதி என்று கிடைத்த அத்தாட்சிக்காக. நம் சொந்தக்காரர் ஒருவர் பாகப்பிரிவினையில் விதவைத் தங்கையின் பங்கைச் சுருட்டியிருப்பார், ஊருக்கே தெரிந்திருக்கும். கல்யாண வீட்டில் அவருக்கு முதல் பந்தி. நம் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும். “தாத்தாவுக்கு நமஸ்காரம் பண்ணு” என்று நாமே தள்ளிவிடுவோம். அவரிடம் மட்டும் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

நாராயண் சாமர்த்தியசாலி. சித்தாவை அப்பழுக்கில்லாதவனாகப் படைத்திருந்தால் நாம் சுலபமாக அழுதுவிட்டு எழுந்து போயிருப்போம். சிறைக்குப் போனவன் என்று சொல்லிவிட்டார். சங்கிலி கிடைத்த பிறகும் சிவசங்கருக்கு வெட்கம் வருவதில்லை. எப்படியிருந்தாலும் அப்பேர்ப்பட்ட குற்றவாளியை வீட்டில் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிடுகிறான். கிடைத்தது சங்கிலி, ஆள் கிடைக்கவில்லை, தேடவுமில்லை. இன்னொன்றும் கதையில் உண்டு. சித்தா காணாமற்போனதும் லீலா தன் அப்பாவிடம் ஒரு காரணம் சொல்கிறாள். அவனை எப்போதும் வீட்டுக்கு வெளியேதான் படுக்கச் சொன்னோம், அதனால் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்கிறாள். போலீஸ், தகப்பன், தாய் எல்லாரும் சங்கிலியைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை மட்டும் அவன் படுத்திருந்த இடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறது.

எனக்கு அந்தச் சங்கிலியின்மேலேயே கோபம். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தங்கம் எதற்கு? பெற்றோரின் அந்தஸ்தைக் குழந்தையின் கழுத்தில் மாட்டி நடமாட விட்டிருக்கிறார்கள். அதைக் காவல் காக்க 4 ரூபாய்க்கு ஓர் ஆள். தாகூரின் கதையொன்றிலும் இப்படித்தான். ராய்சரண் என்கிற வேலைக்காரன் பார்த்துக்கொண்டிருந்த எஜமானின் குழந்தை ஆற்றோடு போய்விடுகிறது. நகைக்காக இவன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று தாய்க்குச் சந்தேகம். அந்த ராய்சரண் கடைசியில் தன் சொந்த மகனையே, இதுதான் உங்கள் பிள்ளை என்று கொண்டுபோய் ஒப்படைக்கிறான். அப்படியும் அந்த வீட்டில் அவனுக்கு இடமில்லை. நாம் இதை ‘விசுவாசம்’ என்று மெச்சிக்கொண்டு புத்தகத்தை மூடுகிறோம். விசுவாசம்! நாய்க்கும் வேலைக்காரனுக்கும் பொதுவாக வைத்திருக்கிற சொல். சிநேகிதனைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் யாருக்காவது வாயில் வருகிறதா?

சரி, குழந்தைக்கு இந்தப் பேதத்தை யார் சொல்லித் தருகிறார்கள்? யாரும் பிரசங்கம் செய்வதில்லை. தமிழை வைத்துக்கொண்டே காரியத்தை முடித்துவிடுகிறோம். பேசப் பழகுகிற குழந்தை எல்லாரையும் ‘வா’ என்றுதான் அழைக்கும். தாத்தாவை அப்படி அழைத்தால் உடனே திருத்துகிறோம். “தாத்தாவை வாங்கன்னு சொல்லணும்.” எதிர்வீட்டு மாமாவுக்கும் அதே திருத்தம். பாத்திரம் தேய்க்க வருகிற அறுபது வயது அம்மாளுக்கு? அங்கே யாரும் திருத்துவதில்லை. திருத்தாமல் விடுவதும் ஒரு பாடம்தான். குழந்தை தப்பித்தவறி, “வாங்க பாட்டி” என்று அவரை அழைத்துவிட்டால் வீடே சிரிக்கிறது. அந்த அம்மாளும் கூச்சத்தோடு சேர்ந்து சிரிக்கிறார். அவ்வளவு பேர் சிரித்த காரியத்தைக் குழந்தை மறுபடி செய்யுமா? ஆறு வயதுக்குள் பேரனாகத் தகுந்த பிள்ளை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிடுகிறது. அவரோ அதைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்.

நம் கதாசிரியர்களும் இதற்கு விலக்கில்லை. பண்ணையார் ‘வந்தார்’, பண்ணையாள் ‘வந்தான்’. இருவருக்கும் வயது ஒன்றாக இருக்கும். சிவசங்கரையும் சித்தாவையும் நான் மேலே ஒரே விகுதியில் எழுதியிருக்கிறேன். படிக்கும்போது உங்களில் சிலருக்கு ஓரிடத்தில் மட்டும் உறுத்தியிருக்கும். எந்த இடத்தில் என்று யோசித்துப் பாருங்கள்.

“குழந்தையின் பாதுகாப்பு என்று ஒன்று இல்லையா? பேப்பரில் படிக்கிறோமே!” என்பார்கள். வாஸ்தவம். ஜாக்கிரதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பீரோவைப் பூட்டுங்கள், முதலில் அந்தச் சங்கிலியைக் கழற்றுங்கள். ஆனால் உங்கள் ஜாக்கிரதை மாமாவையும் டியூஷன் வாத்தியாரையும் தாண்டிப்போய்ப் பாத்திரம் தேய்க்கிறவரின் பையில் மட்டும் கையை விடுகிறதே, அதற்கு ஜாக்கிரதை என்று பெயரில்லை. இன்னொரு கட்சியும் உண்டு: வேலைக்காரர்களோடு பழகினால் குழந்தையின் பேச்சு கெட்டுப்போகுமாம். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை குழந்தையை அவர்களிடம்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். பழகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் அவர்களே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் தேவலை.

சம்பளத்துக்கு அமர்த்திய சிநேகிதியே ஒரு குழந்தையாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. நம் வீடுகளில் நெடுங்காலம் நடந்த காரியம் இது. நாலு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கிராமத்திலிருந்து பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வருவார்கள். இரண்டும் சொப்பு வைத்துச் சமைக்கும். ஒருத்திக்கு அது விளையாட்டு, மற்றவளுக்கு உத்தியோகம். பொம்மை உடைந்தால் ஒருத்திக்கு முத்தம், மற்றவளுக்குக் குட்டு. சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் பெரியவள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவாள், வாசல்வரை. கேட்டால், “சொந்தப் பெண் மாதிரி வளர்க்கிறோம்!” மறுபடியும் அந்த ‘மாதிரி’. இந்தச் சொல்லின் மறைவில் சட்டம்கூட வெகுநாள் வெளியே நின்றது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலில் வீட்டு வேலை இல்லை. 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இருபது வருஷம்! பீடி சுற்றும் குழந்தையைப் பார்த்து நெஞ்சம் பதறிய நாட்டுக்கு, தன் அடுப்பங்கரையில் நின்ற குழந்தையைக் கண்ணில் பட அத்தனை காலம் பிடித்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் போக, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று ஆயிற்று. பதினைந்து வயதுப் பெண்ணை அழைத்து வந்து, சொந்தப் பெண் மாதிரி என்று சொல்லிக்கொள்ள இன்னும் இடமிருக்கிறது.

பெரியவர்களின் கதையும் பிரமாதமில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-ல் நல வாரியம் அமைந்தது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று என்றைக்காவது கேட்டதுண்டா? வார விடுமுறையும் வேலை நேரமும் அவர்களுடைய உரிமை என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2011-ல் ஜினீவாவில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. அதை முறைப்படி ஏற்றுக்கொள்ள மட்டும் இன்னும் மனம் வரவில்லை. நம் வீட்டுப் பழக்கம்தான் தேசத்துக்கும்.

குழந்தையின் அன்பு இருக்கிறதே, அது போதாதா என்று உருகுகிற கட்சி நானில்லை. குழந்தைக்கு அந்தச் சிநேகம் சுலபம். அந்தப் பெண்மணிக்கு அப்படியல்ல. அவர் பெற்ற குழந்தை அந்த நேரத்தில் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கலாம். தான் ஊட்டி வளர்த்த பிள்ளை இன்னும் சில வருஷத்தில் தன்னை அதிகாரம் பண்ணும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஊட்டுகிறார்.

சென்னையில் புதிதாக எழும்பியிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துச் சிறுமி, தன்னைப் பார்த்துக்கொள்கிற அக்காவின் கையை விடாமல், “அக்கா மட்டும் ஏன் அந்த லிஃப்ட்ல வரணும்?” என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய அம்மா நல்ல மனுஷி. யாரையும் புண்படுத்த மனம் வராது. “அதுதாண்டி கண்ணு பெரிசு” என்று சொல்லி வைத்தாளாம். பொய்யில்லை. அது பெரிய லிஃப்ட்தான். சாமான் ஏற்றுவதற்காகக் கட்டியது. குப்பை டிரம்மும் அதில்தான் இறங்குகிறது.