நாளுக்கு ஒரு பக்கம்

திருமலை வேங்கடவன் மீது தெலுங்குக் கீர்த்தனைகள் இயற்றிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 1424-இல் பாடத் தொடங்கி 1503-இல் மறைந்தார். நாளுக்கு ஒரு பாட்டாவது இயற்றுவது அவர் ஏற்றுக்கொண்ட விரதம். மரபு சொல்லும் மொத்தக் கணக்கு 32,000. அதை 79 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகவே வருகிறது. மகன் பெத்த திருமலாச்சாரியார் செப்பேடுகளில் பொறிக்கச் செய்ததால் 12,000-க்கும் மேற்பட்டவை நம் கைக்கு வந்திருக்கின்றன. திருப்பதியில் இதைப் பக்தியின் பெருமையாக மட்டுமே பேசுகிறோம். எழுதும் பழக்கத்தின் பெருமையும் அதில் இருக்கிறது என்பது என் கட்சி. தாலாட்டும் உலக்கைப் பாட்டும் அவருடைய கீர்த்தனைகளுக்குள் நுழைந்ததற்கு அந்தத் தினக் கடமையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். நாள்தோறும் ஒன்று வேண்டுமென்றால், ஏட்டில் கற்றது மட்டும் போதாது. சுற்றிலும் யார் என்ன பாடுகிறார்கள் என்று காது கொடுத்தாக வேண்டும். விடாமல் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் முதல் லாபம் இந்தக் கவனம்தான்.

தினமும் எழுதினால் தரம் குறையாதா என்று கேட்பார்கள். சில நாள் குறையத்தான் செய்யும். அன்னமாச்சாரியார் பாடல்களிலும் மேடையில் நாம் கேட்பவை ஒரு சிறு பங்கே. ஆனால் எந்த நாளில் நல்லது பிறக்கும் என்று முன்கூட்டித் தெரிந்த எழுத்தாளர் எவருமில்லை. அன்னமாச்சாரியாரோ இறைவனுக்கென்றே வாழ்ந்தவர், வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது என்பார்கள் அடுத்து. மாங்காய் மண்டிக்குப் பேர்போன தாமலசெருவில் இருந்துகொண்டு, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தபடியே தெலுங்கில் நூற்றுக்கணக்கான சிறுகதைகள் எழுதினார் மதுராந்தகம் ராஜாராம். 1993-இல் சாகித்ய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. வகுப்பறையும் கிராமமும் அவர் கதைக்குத் தடையாக இல்லை, கதையே அங்கிருந்துதான் வந்தது.

யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்விதான் பலரைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது. படிக்க ஒருவரும் இல்லாவிட்டாலும் எழுத்து பலன் தரும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தலா 15 நிமிடம் தங்களை வாட்டிய அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் தங்கள் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாதுதான். இருந்தாலும் பேச்சில் தாவிவிடுகிற இடங்களை எழுத்து தாவவிடாது என்பது எழுதிப் பார்த்த எவருக்கும் தெரியும். தொழிலுக்கும் இதே நியாயம் பொருந்தும். சித்தூர்ப் பக்கத்துத் தோத்தாபுரி மா விவசாயி ஒருவர் பூ எடுத்த தேதி, தத்துப்பூச்சி தென்பட்ட நாள், அடித்த மருந்து, பிடித்த செலவு, பறித்த காயின் எடை, மண்டியிலும் மாங்கூழ் ஆலையிலும் சொன்ன விலை என்று தினம் நாலு வரி எழுதி வரட்டும். நான்கைந்து பருவங்களில், தன் தோட்டத்தைப் பற்றி வேறெந்தப் புத்தகத்திலும் கிடைக்காத செய்தி அவர் கையில் இருக்கும். விலை பேச உட்காரும்போது ஒரு கிலோவுக்குத் தனக்கு என்ன அடக்கமாயிற்று என்பதை அவர் பைசா சுத்தமாகச் சொல்லலாம்.