அரைப் படிப்புக்கு முழுக் காசா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்ட ஒரு சான்றிதழ். "டீச்சர், இந்தப் பேப்பர் செல்லாதாமே, உண்மையா?" என்று கேட்டார்.

"நோயாளர் பராமரிப்பு டிப்ளோமா" என்று அதில் பொன்னிற எழுத்தில் அச்சடித்திருந்தது. நான்கு மாதம், கொழுந்து எடுத்துவிட்டு வந்து சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு போனில் பார்த்துப் படித்தது. கட்டணம் 48,000 ரூபா. தோட்டை அடகு வைத்துப் பாதி, சீட்டுக் காசில் மீதி. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார். அங்கே கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி செய்தீர்கள்?" எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. "கூட்டித் துடைக்கிற வேலை இருக்கிறது, வாறீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

தோழர்களே, தாய்மாரே, அந்த அக்காவுக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். "படியுங்கள் அக்கா, நல்லது" என்று சொன்னவளும் நான்தான். அந்த நிறுவனம் எங்கே பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

48,000 ரூபா என்றால் என்ன? 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கைக்கு வருவது 1242. அப்படியென்றால் 38 நாளுக்கும் மேல் மலையில் நின்ற உழைப்பு. அந்த நாட்களில் அரிசி வாங்காமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கே சரிவரும். கொழுந்து கிலோ குறைந்தால் நமக்கு அரைப்பேர் போடுகிறார்கள். ஆனால் அரைப் படிப்பைக் கொடுத்துவிட்டு நம்மிடம் முழுக் காசு வாங்குகிறவர்களுக்கு யார் அரைப்பேர் போடுவது?

வீட்டில் இருந்து படிப்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. காலையில் பிரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் ஒரு தாய், தினமும் பஸ் ஏறி ஹட்டனுக்கோ பதுளைக்கோ போய்ப் படிக்க முடியாது. அவருக்குப் பாடம் போனில் வருவது பெரிய உதவி. அந்த அக்காவே சாட்சி. படுத்த படுக்கையான மாமியாரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வரும் என்பதை அவர் அந்தப் பாடத்தில்தான் படித்தார். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், இல்லையென்றால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதையும் அங்கேதான் படித்தார். மாமியாருக்கு இன்றுவரை புண் இல்லை.

ஆனால் நோயாளியைப் பார்க்கும் வேலையில் பாதி கையில் இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டி கட்டுவதை வீடியோவில் பார்க்கலாம். நாடித் துடிப்புச் சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். விழப்போகிற ஆளைத் தன் இடுப்பு முறியாமல் தாங்குவது, குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது, மயங்கிக்கிடக்கும் ஆளைச் சுத்தம் செய்வது, இவையெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் ஒருவர் மேற்பார்க்க, பலமுறை செய்து பழக வேண்டிய காரியங்கள். புதிதாக மலைக்கு வந்த பிள்ளைக்குக் கொழுந்து கிள்ளுவதைப் போனில் காட்டிவிட்டு நிரையில் விடுவோமா? மனித உயிர் கொழுந்தைவிட மலிவா?

இந்தப் பாதியைத்தான் அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி ஒழுங்கு செய்யச் செலவு உண்டு, பொறுப்பு உண்டு. வீடியோவை ஒருமுறை எடுத்தால் ஆயிரம் பேருக்கு விற்கலாம்.

பெயரிலேயே ஏமாற்று இருக்கிறது. என்.வி.கியூ. என்று நாம் சொல்லும் தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். நான்கு மாத வீடியோவுக்கு டிப்ளோமா என்று பெயர் வைப்பதே பொய். "நர்சிங்" என்ற சொல்லையும் கூசாமல் போடுகிறார்கள். அரசாங்கத் தாதியாவதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படிக்க வேண்டும். பராமரிப்பாளர் வேலை வேறு. அதுவும் மதிப்புள்ள வேலைதான். அதற்கு என்.வி.கியூ. இருக்கிறது. தேர்வாளர் முன்னால் வேலையைச் செய்துகாட்டினால்தான் அது கிடைக்கும். சாதாரண தரத்தோடு நின்றுபோன நம் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் திறந்திருக்கும் உண்மையான கதவு அதுதான்.

அடுத்தது வெளிநாட்டு ஆசை. "லண்டனில் பராமரிப்பு வேலை" என்ற விளம்பரம் இன்னும் நம் போன்களில் சுற்றுகிறது. அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விசா வழியைப் பிரித்தானியா 2025 ஜூலை 22இல் மூடிவிட்டது. ஜப்பானுக்கு வழி இருக்கிறது. 2019இல் இரு நாடுகளும் உடன்பாடு செய்தன. ஆனால் ஜப்பானிய மொழிப் பரீட்சை, பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்பு வேலைக்கான மொழிப் பரீட்சை மூன்றிலும் சித்தியடைய வேண்டும். நான்கு மாதச் சான்றிதழைக் காட்டி யாரும் விமானம் ஏற முடியாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது சட்டப்படி குற்றம். பயிற்சி நிலையம் என்று பலகை போட்டிருப்பதால் அந்த அனுமதி வந்துவிடாது.

இன்னொரு பக்கம் நம்மவர்களே சிலர் பேசுவதையும் கேட்கிறேன். "கொழுந்து எடுக்கிறவளுக்கு எதுக்கு இந்தப் படிப்பு?" "ராத்திரியில போன் என்ன வேண்டிக்கிடக்கு?" ஏமாந்த பெண்ணைப் பார்த்து "பேராசை" என்று சொல்கிற வாயும் இதே வாய்தான். வேறு வேலை கற்க ஆசைப்பட்டது குற்றமில்லை. 1000 ரூபா சம்பளத்துக்கு 2021 வரை வருடக்கணக்காகத் தெருவில் நின்ற சமூகம், தன் பெண்கள் இன்னொரு தொழிலைத் தேடும்போது கேலி செய்யக் கூடாது.

இந்த வேலைக்கு ஆள் இங்கேயே தேவைப்படுகிறது. நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொன்னது. நூறு வருடம் கழிந்தும் எத்தனை தோட்டத்து மருந்தகங்களில் ஒழுங்கான ஆள் இருக்கிறது? 1987இல் தமிழும் அரசகரும மொழி ஆக்கப்பட்டது. இன்றைக்கும் "நெஞ்சை அடைக்குது", "தலை கிறுகிறுக்குது" என்று வார்டில் சொல்லும் நம் கிழவிக்கு, அதை விளங்கிக்கொள்ளும் ஆள் பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம்தான். லயத்தில் படுத்துக்கிடக்கும் முதியவர்களை யார் புரட்டிவிடுகிறார்கள்? படிப்பை நிறுத்திய பேத்திகள். பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் ஒரு பராமரிப்பாளர் ஒவ்வொரு பிரிவிலும் இருந்தால் அந்தப் பேத்தி பாடசாலைக்கு வருவாள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. பாடம் தமிழில் வீட்டுக்கு வரட்டும். பயிற்சி ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். 2017 மே மாதம் 150 கட்டில்களுடன் திறந்துவைத்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை, நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளில் தோட்டப் பயிலுநர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

2. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகும் நாட்களுக்கு முழுப்பேர் போட வேண்டும். பயிற்சி பெற்றவர் அதே தோட்டத்து நோயாளியைத்தான் பார்க்கப் போகிறார், கம்பனிக்கு நட்டமில்லை.

3. சிக்னல் கிடைக்கும் ஓர் அறை வேண்டும். கொரோனா காலத்தில் என் மாணவர்கள் ஒன்லைன் பாடத்துக்குக் கோயில் மேட்டில் மழையில் நின்றார்கள். தாய்மாரையும் அங்கே நிறுத்தாதீர்கள். பாடசாலை முடிந்த பிறகு வகுப்பறையைத் திறந்துவிடலாம்.

4. தோட்ட மருந்தகத்திலும் பிள்ளை மடுவத்திலும் வெற்றிடம் வந்தால், தகைமை பெற்ற நம் தோட்டத்தவருக்கு முதலிடம் வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நம் காரியாலயச் சுவர்களிலேயே இந்த நிறுவனங்களின் போஸ்டர்களைப் பார்க்கிறேன். ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று பேசுகிறவர்கள் நமக்குள் இருந்தால், அவர்களைக் கமிட்டியில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். தொழிலாளி சந்தா கட்டுவது தன்னை விற்பதற்கல்ல.

கோரிக்கைகள் நிறைவேறும்வரை, காசு கட்ட முன்னர் நான்கு கேள்வி கேளுங்கள். நிறுவனம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா? இந்தப் பாடநெறிக்குத் தரஅங்கீகாரம் உண்டா? நிறுவனம் பதிவாகியிருந்தாலும் பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள் பயிற்சி? முடிவில் கிடைப்பது எந்த மட்ட என்.வி.கியூ.? பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் காசைக் கட்டாதீர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரசாங்க நிலையங்களையும் முதலில் விசாரியுங்கள். தனியாகப் போகாமல், மாதர் தலைவியையோ தோட்டத்து ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

கட்டிய காசைத் திருப்பித் தரும்படி அந்த அக்காவும் நானும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இதேபோல் ஏமாந்தவர்கள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். வெட்கப்பட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கும் அந்தச் சான்றிதழையும் பற்றுச்சீட்டையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் போடாதவர்கள், ஐம்பது பேர் ஒன்றாகப் போய் வாசலில் நின்றால் போடுவார்கள்.