கள்ளும் பியரும்: சுவையைப் பேசக் கூசுவது ஏன்?

மதுவைப் பற்றி எமது பத்திரிகைகளில் இரண்டு வகைச் செய்திகளே வருகின்றன. ஒன்று, கசிப்புடன் கைதானவர்கள் பற்றிய பொலிஸ் செய்தி. மற்றையது, மதுவரி கூட்டப்பட்ட செய்தி. இவ்விரண்டையும் எழுதியும் திருத்தியும் தலை நரைத்தவன் என்ற வகையில், மூன்றாவது ஒன்றைப் பற்றி எழுதும் உரிமை எனக்குண்டு எனக் கருதுகிறேன். அது மதுவின் சுவை. குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று அவசரப்பட்டுக் கடிதம் எழுத முனைவோர் இறுதிவரை வாசித்துவிட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

மைக்கல் ஜக்சன் என்றொருவர் இருந்தார். பாடகர் அல்லர், இங்கிலாந்துப் பத்திரிகையாளர். உலகின் பியர்களை வகை பிரித்து 1977ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலே இன்று உலகெங்கும் சிறு வடிசாலைக்காரர் பேசும் மொழிக்கு அடித்தளமிட்டது. 2007ஆம் ஆண்டு காலமான அவர், எமது நாட்டின் லயன் ஸ்டவுட்டைச் சுவைத்து வியந்து எழுதியவர். நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849இல் தொடக்கிய சிறு முயற்சியும், 1881இல் அங்கு எழுந்த வடிசாலையும் இந்த மதுவின் பூர்வீகம். வெளிநாட்டு ரசிகர் தேடிப் பருகும் இதனை, எமது மதுச்சாலையில் ஐஸ்கட்டி போலக் குளிரவைத்து, போத்தலோடு வாயில் கவிழ்ப்பவர்களையே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

இது பெரும் அநியாயம். கடுங்குளிரில் நாக்கு மரத்துப் போகும், வாசம் எழாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியே வைத்து, அகன்ற கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். கருகக் கருக வறுத்த பார்லி முளைதானத்தின் மணம் முதலில் வரும். எமக்கு அது வறுத்த கோப்பிக் கொட்டையை நினைவூட்டும். பின்னர் பனங்கட்டியின் இனிப்பு. கடைசியில் நாவின் அடியில் தங்கும் கசப்பு. ஜெர்மனியின் கோதுமை பியரோ வேறு உலகம். அதன் நொதியம் தானாகவே வாழைப்பழ வாசத்தையும் கராம்பு வாசத்தையும் தருகிறது. எவரும் பழமோ கராம்போ போடுவதில்லை. செக் நாட்டின் பில்சென் நகரில் 1842இல் பிறந்த பொன்னிற லாகர், அவ்வூரின் மென்மையான நீரால் பெயர் பெற்றது. ஹொப்ஸ் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சும் ஐபிஏ வகை பலருக்கு முதல் மிடறிலேயே முகத்தைச் சுளிக்க வைக்கும். பாகற்காயை விரும்பி உண்ணும் சமூகத்துக்கு அது அவ்வளவு கடினமாக இருக்கக்கூடாது.

ஆயினும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது பெல்ஜியத்தின் லம்பிக்தான். பிரசெல்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில், குளிர்மாதங்களில் மட்டும் காய்ச்சப்படுவது இது. கொதித்த கரைசலை வாய் அகன்ற, ஆழமற்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் திறந்து வைக்கிறார்கள். நொதியத்தை எவரும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கூரையிலும் மரப்பீப்பாயிலும் வாழும் நுண்ணுயிர்களே வேலையைச் செய்கின்றன. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் பீப்பாயில் கிடந்தவற்றைக் கலந்து கூஸ் என்ற பெயரில் போத்தலில் அடைக்கிறார்கள். உறவினர் ஒருவரின் அழைப்பில் பிரசெல்ஸ் சென்றிருந்தபோது அதனைப் பருகினேன். புளிப்பு, இலேசான துவர்ப்பு, மெல்லிய நுரை. மாலையில் இறக்கி மறுநாள் காலைவரை இருந்த பனங்கள்ளின் ஒன்றுவிட்ட சகோதரன் அது!

வியப்பதற்கு எதுவுமில்லை. கள்ளும் தானாகவே நொதிப்பதுதான். பாளையில் கட்டிய முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி. பூசாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே கள்ளாகத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கள்ளோ வேலியின் பின்புறமாக வந்து, வேலியின் பின்புறமாகவே போனது.

எம்மிடம் சுவையறிவு இருக்கவில்லை என்று எவரும் கூறமுடியாது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆற்றி, முளைதானம் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு வடிக்கும் முறை கூறப்படுகிறது. இன்றைய வடிசாலைக்காரர் எவரும் அதைப் பியர் என்றே அடையாளம் காண்பார். நறவு, தேறல், தோப்பி, மட்டு என்று பெயர்களுக்கும் அந்த இலக்கியத்தில் குறைவில்லை. அதே மொழியில் கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார் என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை. சுவைத்தவர்களும் கண்டித்தவர்களும் ஒரே மொழியில் பகிரங்கமாகப் பேசியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்த அறிவு சீவல் தொழிலாளியிடம் எஞ்சியிருந்தது. எந்த மரத்துக் கள்ளு இனிக்கும், எது விரைவில் புளிக்கும், ஆண் பனைக்கும் பெண் பனைக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவரது அறிவை அறிவாக ஏற்க எமது சாதிச் செருக்கு இடம் தரவில்லை. பிளாவில் வாங்கிக் குடித்தவர்கள் அவரை முற்றத்தில் இருத்தவில்லை. தொழிலின் இழிவு என்று நாம் சுமத்தியதிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றவே அவர் அவர்களைப் படிப்பித்து வேறு தொழிலுக்கு அனுப்பினார். அவர் செய்தது முற்றிலும் சரி. இப்போது ஏறுவதற்கு ஆளில்லை என்று புலம்புபவர்கள் இதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுவையைப் பேசாத இடத்தில் வேறொன்று வந்து குந்திவிடுகிறது. அது உறைப்பு, அதாவது வெறி. எமது கடைகளில் பியர் வாங்குபவர் கேட்பது எத்தனை வீதம் என்பதைத்தான். 8 வீதத்துக்கு மேற்பட்ட 'ஸ்ட்ரோங்' வகைகள் சந்தையை ஆள்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு. கொடுத்த காசுக்கு எவ்வளவு ஏறும்? நல்ல கள்ளின் சுவை மறந்துபோன இடங்களில் சீனியைக் கரைத்துச் செய்யும் செயற்கைக் கள்ளும் எதிர்ப்பின்றி விற்பனையாகிறது. கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க நாக்கு வேண்டுமே.

மதுவுக்கு எதிரான இயக்கத்தினர் என்னோடு உடன்படமாட்டார்கள் என்பது தெரியும். அவர்களது கவலை நியாயமானது. குடியால் சிதைந்த வீடுகளைச் செய்திக்காக நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டின் சட்டம் மதுவிளம்பரத்தைத் தடைசெய்ததையும் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடுத்ததையும் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் விளம்பரம் வேறு, மதிப்பீடு வேறு. ஒரு கிளாஸை முக்கால் மணிநேரம் வைத்துப் பருகும் மனிதரை நான் பிரசெல்ஸில் கண்டேன். அவருக்கு முன்னால் இருந்த தட்டில் கொஞ்சம் பாற்கட்டி. பக்கத்தில் அவரது மனைவி, அவருக்கும் ஒரு கிளாஸ். இங்கே 2018 ஜனவரியில், பெண்கள் மது வாங்குவதற்கிருந்த தடையை நிதியமைச்சர் நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி அதனை மீளக் கொண்டுவரப் பணித்தார்.

அந்தத் தடையைப் பெரிதும் வரவேற்ற வீடுகள் பலவற்றில் அப்பத்துக்கு மா புளிக்கவைப்பது கள்ளு விட்டுத்தான். அப்பம் நன்றாக இல்லாவிட்டால், "இண்டைக்குக் கள்ளுச் சரியில்லை" என்று அம்மாவே சொல்வார்.