தாயத்தும் குருத்தணுவும்

சென்ற மாதம் கூடலூருக்கு, என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். பலகாரக் கூடையுடன் உள்ளே நுழைந்தால், கூடத்தில் ஒரு மகாநாடே நடந்து கொண்டிருந்தது. நடுவில் பளபளவென்று ஒரு வர்ணப் புத்தகம்; அட்டையில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்தது.

"நல்ல வேளை, நீ வந்தாய் அக்கா! குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சேமித்து வைத்தால், பின்னால் எந்த வியாதி வந்தாலும் அதை வைத்தே குணப்படுத்தி விடலாமாம். கம்பெனிக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்" என்றாள் தங்கை.

"இந்தத் தடவை திராட்சைப் பணம் அதற்குத்தான்" என்றார் சித்தப்பா. பேரக் குழந்தை என்றால் அவருக்குக் கணக்கே கிடையாது.

அப்பத்தாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதென்னடி அதிசயம்? உங்க எல்லாருக்கும் கொடியைக் காயவச்சுத் தாயத்துல அடைச்சு, அரைஞாண்ல கட்டிவிட்டவ நான்தானே? எனக்கு யாரு காசு குடுத்தீக?"

மறுநாள் காலை சித்தப்பாவுடன் தோட்டத்துக்குப் போனேன். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றி அவருக்கு ஏகப் பெருமை. பந்தலில் கவாத்து முடிந்து, கொடிகள் மொட்டையாக நின்றன. "பார்த்தால் பட்டமரம் மாதிரி இருக்கும். கணுவில் இருக்கிற கண் தூங்குகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் குருத்து விடும்" என்றார். தங்கைக்கு விஷயத்தைச் சொல்ல எனக்கு வழி கிடைத்துவிட்டது.

நம் உடம்பிலும் அப்படிப்பட்ட கண்கள் உண்டு. தோலின் மேற்புறத்து அணு தோலாகவே இருந்து உதிர்கிறது. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உழைத்துவிட்டு மடிகிறது. அந்த இடத்தை நிரப்புகிறவைதாம் ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணுக்கள் என்கிறார்கள். தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவையும் உண்டாக்கும். வேலைக்குப் போகிற அணுவையும் உண்டாக்கும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்களின் தயவால், நம் உடம்பில் விநாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன!

அந்த மஜ்ஜையே பழுதாகிவிட்டால்? ரத்தப் புற்றுநோயிலும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையிலும் அதுதான் ஆபத்து. அப்போது பழுதான மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, பொருத்தமான வேறொருவரின் குருத்தணுக்களை ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றுகிறார்கள். அவை தாமே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் குடியேறி, சில வாரங்களில் புது ரத்தம் உண்டாக்கத் தொடங்குகின்றன. நம் நாட்டில் 1983-ல் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ல் தொடங்கியது. தொப்புள்கொடி ரத்தத்திலும் இதே குருத்தணுக்கள் உண்டு. 1988-ல் பாரிஸ் நகரில் டாக்டர் எலியான் குளுக்மன், பச்சிளம் தங்கையின் கொடி ரத்தத்தைக் கொண்டு ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை செய்து வெற்றி கண்டார்.

"அப்படியானால் கம்பெனிக்காரர் சொன்னது நிஜந்தானே?" என்று கேட்டாள் தங்கை.

பாதி நிஜம்! அந்தச் சிறுவனுக்கு ஏற்றியது அவனுடைய கொடி ரத்தம் அல்ல, தங்கையினுடையது. பரம்பரை நோயுள்ள குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே குறைதான் இருக்கும். சொத்தை விதையைப் பத்திரப்படுத்தி மறுபடி அதையே விதைப்பதில் என்ன லாபம்? குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயிலும் பல சமயம் கோளாறின் வித்து பிறக்கும்போதே இருந்திருக்கிறது. தவிர, கொடியில் கிடைப்பது ஒரு சிறு தம்ளர் ரத்தம். வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் போதாது. தன் குழந்தைக்கே பின்னால் உதவும் என்று சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே சொல்லிவிட்டது. நீரிழிவு, மூட்டுவலி, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் குருத்தணு ஊசி என்கிற விளம்பரங்களையும் நம்பிவிடக் கூடாது. அவை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன.

ஒரு விலக்கு உண்டு. வீட்டில் ஏற்கெனவே தலசீமியா போன்ற நோயுள்ள குழந்தை இருந்தால், அடுத்து பிறக்கும் குழந்தையின் கொடி ரத்தம் அதற்கு உயிர் கொடுக்கக் கூடும். கூடப் பிறந்தவர் முழுதும் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப்பட்ட தாய்மார்கள் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மற்றவர்களுக்கு அந்த ரத்தத்தால் காசில்லாத உபயோகம் ஒன்று இருக்கிறது. குழந்தை பிறந்ததும் அவசரமாகக் கொடியைக் கட்டாமல், ஒரு நிமிஷமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொடியிலுள்ள ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும். அதிலுள்ள இரும்புச் சத்து பின்னால் ரத்தசோகை வராமல் காக்கும். "டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டு வை" என்று தங்கைக்குச் சொன்னேன்.

அவள் கணவனுக்கும் ஒரு வேலை வைத்தேன். உறவில் பொருத்தம் கிடைக்காத நோயாளிகளுக்காகக் கொடையாளர் பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி அவற்றில் ஒன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பெயர் பதிவாகிவிடும். பிறகு யாருக்காவது பொருந்தினால், பெரும்பாலும் கையிலிருந்து ரத்தம் எடுப்பது போலவே எடுத்துக் கொள்கிறார்கள். கொடுத்த குருத்தணு சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும். கவாத்து செய்த கொடி துளிர்க்கிறதல்லவா!

சித்தப்பா வர்ணப் புத்தகத்தை மடித்து அலமாரியில் போட்டார். திராட்சைப் பணம் பிழைத்தது.

அப்பத்தாவிடமும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. காய்ந்த கொடியில் உயிரணு ஒன்றும் பிழைத்திருக்காது. நிஜமாகச் சேமிக்க வேண்டுமென்றால், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும். தாயத்தில் மருந்து இல்லை என்றேன்.

அப்பத்தா கோபித்துக் கொள்ளவில்லை. "மருந்துன்னு யாரு சொன்னா? புள்ளைக்கு அழகா இருக்கும்ல" என்றாள். ஆசாரியிடம் வெள்ளித் தாயத்துக்கு அன்றைக்கே சொல்லி அனுப்பியும் விட்டாள்.