பச்சைப் புள்ளி என்ன விலை?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் ஜெராக்ஸ் கடை எதிலாவது போய், "கலர் பிரின்ட் எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். விலை வராது. "போட்டோவா, லெட்டரா?" என்று எதிர்க்கேள்விதான் வரும். ஆளைப் பார்த்து ரேட் சொல்கிறார் என்று முறைக்காதீர்கள். மூன்று வருஷ பி.காம். காஸ்டிங் பாடம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

இங்க் டேங்க் பிரின்டர் அட்டைப்பெட்டியில் "7,500 கலர் பக்கங்கள்" என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட பக்கம்? இந்தக் கணக்குக்கென்றே ஐ.எஸ்.ஓ. சில மாதிரிப் பக்கங்கள் வைத்திருக்கிறது. அவற்றில் ஒவ்வொரு மையும் சுமார் 5 சதவீத இடத்தைத்தான் மூடும். நாலு பாரா, ஓரமாக ஒரு குட்டிப் படம், மிச்சமெல்லாம் வெள்ளை. அதே மெஷினில் மச்சினி வளைகாப்பு போட்டோவைப் பக்கம் முழுக்க அடித்தால் மை பல மடங்கு குடிக்கும். கடைக்காரர் கேட்டது அதைத்தான்.

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு உபரித் தகவல். அறுபது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மொத்தமாகக் கலரில் கொடுக்கிறீர்கள். அதில் ஒரு பக்கத்தில் நீலத்தில் அடிக்கோடிட்ட ஈ-மெயில் முகவரி மட்டும் இருக்கும். அதுவும் கலர் பக்கம்தான். எண்ணிக் காசு வாங்கிவிடுவார்கள். "12-லிருந்து 18 வரை கலர், பாக்கி பிளாக்" என்று துண்டுச் சீட்டில் எழிதிக் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. லோன் கேட்டுப் போகிற ரிப்போர்ட் என்றால், பாங்க் மேனேஜர் அதை எப்படியும் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துத்தான் மேலே அனுப்புவார்.

கலர் கட்டாயம் வேண்டியிருக்கிற இடமும் உண்டு. பென்னாகரத்தில் இருக்கும் என் அக்கா ராகி மாவு பாக்கெட் போடுகிறாள். சைவ உணவு என்றால் லேபிளில் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தே ஆகவேண்டும், சட்டம். (அசைவத்துக்குப் பழுப்பு. அது 2020 விதிகளில் வட்டத்திலிருந்து முக்கோணமாக மாறியது, நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் புரியட்டும் என்று.) சில மில்லிமீட்டர் புள்ளிதான். ஆனால் அதைக் கறுப்பில் போட முடியாது. ஆக, லேபிளே கலர்.

முதல் லேபிளை மாமா ஒரு கடையில் ஏ4 ஸ்டிக்கரில் அடித்து வந்தார். ஷீட் 25 ரூபாய், ஒன்பது லேபிள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மளிகைக் கடையில் யாரோ மீன் வாங்கின ஈரக் கையோடு பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார்கள். பச்சைப் புள்ளி ஓடிப்போய் தர்மபுரி மாவட்ட வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. விலை இருந்த இடத்தில் நீலக் கறை. கடைக்காரர் 40 பாக்கெட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"மாவு நல்லாத்தானேடா இருக்குது? ஸ்டிக்கருக்குப் போயி திருப்பி அனுப்புவாங்களா?" என்றாள் அக்கா. அந்த மாசம் அவள் ராகிக்குப் போட்ட முதலில் பாதி அந்தப் பையில் திரும்பி வந்திருந்தது.

விஷயம் மையில் இருக்கிறது. வீட்டு இங்க்ஜெட்களில் கலர் மை பெரும்பாலும் சாயம், தண்ணீரில் கரைந்தது. மறுபடி தண்ணீர் பட்டால் பழைய சொந்தத்தைத் தேடிப் போய்விடும். லேசர் அப்படியில்லை. அதன் டோனர் என்பது நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருக்கிப் பேப்பரில் ஒட்டுகிறார்கள். ஈரக் கை ஒன்றும் செய்யாது. ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" இல்லை, "இங்க்ஜெட்டா, லேசரா?"

அக்காவுக்கு டவுனில் டிஜிட்டல் பிரிண்டிங் போடுகிற கடையில் விசாரித்தேன். அங்கே ஏ4 பேச்சே கிடையாது. 12-க்கு 18 அங்குல ஷீட். ஸ்டிக்கரோடு 40 ரூபாய் என்றார்கள்.

"இருபத்தஞ்சுக்கே அழுவுறேன், நாப்பதா?" என்றார் மாமா.

"ஷீட்டைப் பாக்காதீங்க மாமா, லேபிளை எண்ணுங்க."

இரண்டரைக்கு மூன்றரை அங்குல லேபிள் அந்த ஷீட்டில் இருபது வரும். ஒன்று இரண்டு ரூபாய். பழைய கணக்கில் ஒன்று 2 ரூபாய் 78 காசு. ஈரத்தில் ஓடுகிற லேபிளுக்கு நாம் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சாதாரண டாகுமென்டுக்கும் இது பொருந்தும். அந்த ஷீட்டில் இரண்டு ஏ4 பக்கம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். நிறைய பக்கம் என்றால் அப்படிப் போட்டுக் கட் பண்ணித் தருவார்களா என்று கேளுங்கள்.

அக்கம்பக்கத்தில் உடனே, "சிவகாசியில போடு, சல்லிசு" என்றார்கள். சல்லிசுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதற்காக அச்சகங்கள் வந்தன. பிறகு பட்டாசு, காலண்டர், டைரி என்று ஊரே அச்சாபீஸ் ஆயிற்று. ஆப்செட்டில் நாலு கலருக்கு நாலு பிளேட். ஒன்று அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றே. அதனால் பல பேர் வேலையை ஒரே பிளேட்டில் சேர்த்துப் போட்டுச் செலவைப் பங்கிடுகிறார்கள். உங்கள் விசிட்டிங் கார்டு, நாகர்கோவில் மொபைல் கடைக்காரர் கார்டுக்குப் பக்கத்தில் பிறந்து, கத்தியில் பிரிந்து வந்ததாக இருக்கலாம்.

ஆப்செட்டில் லேபிள் அறுபது காசு என்றே வையுங்கள். 5,000 எடுத்தால் 3,000 ரூபாய். அக்கா மாசம் விற்பது 200 பாக்கெட். டிஜிட்டலில் பத்து ஷீட், 400 ரூபாய். ஏழரை மாசத்தில் ஆப்செட் முதல் திரும்பிவிடும், அதற்கப்புறம் லேபிள் ஓசி மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லேபிள் அதுவரை மாறக்கூடாது. அக்கா ஆரம்பித்த நாலு மாசத்தில் அரைக் கிலோவை ஒரு கிலோ ஆக்கினாள், மறுபடி அரைக் கிலோ ஆக்கினாள், மாமா போன் நம்பரை மாற்றினார். 5,000 லேபிள் பரணில் பசை காய்ந்துகொண்டிருக்கும். டிசைன் நிலைத்து நிற்கும்வரை இரண்டு ரூபாய்தான் மலிவு. நின்ற பிறகு சிவகாசி. அப்போதும் விலை, தேதி, பேட்ச் நம்பர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இங்கேயே ஸ்டாம்ப் குத்திக்கொள்ளலாம்.

சொந்தமாக பிரின்டர் வாங்கட்டுமா என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான். பிரின்டர் 12,000, வெளியே பக்கம் 10, வீட்டில் பேப்பரோடு 2 என்று வைத்தால் 1,500 கலர் பக்கத்துக்குப் பிறகே லாபம். வருஷத்துக்கு நாற்பது பக்கம் அடிப்பவர் அதை அடைவதற்குள் பேரன் எடுத்துவிடுவார். நடுவில் மாசக்கணக்கில் சும்மா வைத்தால் முனையில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் பண்ணுவதற்கே கொஞ்சம் மை போகும்.

கடைக்குப் போகுமுன் இரண்டு வேலை. பைலை பி.டி.எஃப். ஆக்குங்கள். வேர்டில் கொண்டுபோனால் அங்கே உங்கள் தமிழ் எழுத்து இல்லாமல் எல்லாம் கட்டம் கட்டமாக வரலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். போனில் தெரிவது வெளிச்சம், பேப்பரில் விழுவது மை. போனில் கிளிப்பச்சையாக இருந்தது பேப்பரில் வேப்பிலைப் பச்சையாக வரும். அதனால் முதல் ஷீட் ஒன்றே ஒன்று அடிக்கச் சொல்லி, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்துவிட்டு மிச்சத்துக்குத் தலையாட்டுங்கள். அக்கா லேபிளில் அப்படித்தான் "ராகி"யின் கால் காணாமல் போய் "ரகி" என்று இருந்தது தெரிந்தது. 200-க்குப் பதில் 20-தான் வீண்.

டிசைன் பண்ணினவரிடமிருந்து கோரல்டிரா பைலையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை விலையில் ஐந்து ரூபாய் ஏற்றுவதற்கு, முழு டிசைனுக்கும் மறுபடி காசு கேட்பார்.