ஊருக்கெல்லாம் தெரியும், படுத்திருப்பவருக்குத் தெரியாது

எங்களைப் போன்ற பெரிய கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்றால், அந்தச் செய்தி எந்த வழியில் போகும் என்று கவனித்திருக்கிறீர்களா? டாக்டர் மூத்த மகனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். மகன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே மனைவிக்குப் போன் செய்வார். சாயங்காலத்துக்குள் புதுச்சேரி, காரைக்கால், சென்னை, பாரிஸ் என்று எங்கெங்கே சொந்தம் உண்டோ அங்கெல்லாம் வாட்ஸ்அப்பில் போய்விடும். மறுநாள் காலைப் பூசைக்கு வருபவர்களுக்குத் தெரியும். ஜெபக்குழுவுக்குத் தெரியும். வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், வியாதி யாருக்கோ அவர்தான்.

இந்த வழக்கம் தவறு. இதை அன்பு என்கிறார்கள், விசுவாசம் என்கிறார்கள். இரண்டும் இல்லை என்பது என் கட்சி. கோபப்படுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன். ஓர் உத்தரவு போட்டால் அதைச் சம்பந்தப்பட்டவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நகல் பத்துப் பேருக்குப் போகலாம். உரியவருக்குப் போகாமல் நகல் மட்டும் ஊரெல்லாம் சுற்றினால் எங்கள் சூப்பரின்டெண்டென்ட் அந்தக் கிளார்க்கை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இப்போது பென்ஷன்காரனாக இருக்கிறேன். ஆண்டுக்கொருமுறை நான் உயிரோடு இருக்கிறேன் என்று நானே சான்று கொடுக்க வேண்டும். எனக்குப் பதில் என் மகன் போய்ச் சொன்னால் செல்லாது. ஆனால் நான் சாகப்போகிறேன் என்பதை மட்டும் என்னைத் தவிர எல்லோரிடமும் சொல்வார்களாம். இது என்ன நியாயம்?

என் பெரியக்காவின் கதையைச் சொல்கிறேன். நாங்கள் ஒன்பது பேர், அவர் மூத்தவர், நான் கடைசி. எழுபத்தொன்பது வயதில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று ஸ்கேனில் தெரிந்தது. முற்றிவிட்டது, சில மாதங்கள்தான் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் சொன்னது "அல்சர்". நான் கூடாது என்றேன். "நீ சின்னவன், சும்மா இரு" என்றார்கள். எனக்கு அப்போது எழுபது வயது.

அந்த அல்சர் என்ற ஒரு சொல் என்ன செய்தது தெரியுமா? அக்கா அதை நம்பினார். அல்சர் என்றால் காரம் கூடாது, புளி கூடாது. வஞ்சிரக் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாத பெண்மணி, இரண்டு மாதம் கஞ்சியும் மோரும் குடித்தார். வலி வந்தால் "நேத்து ரசத்துல மிளகு ஜாஸ்தியாப் போச்சு" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். அல்சருக்குப் போய் யாராவது பெரிய வலி மாத்திரை கேட்பார்களா? அதனால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். புற்றுநோய் வலிக்கு மார்பின் உண்டு. அது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று 2014ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். அப்படிப்பட்ட மருந்து இருக்கிறது என்பதே அக்காவுக்குத் தெரியாது. அவருடைய வியாதிதான் அவருக்குத் தெரியாதே.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏண்டா, பாரிசிலேர்ந்து ரெண்டு பேரும் லீவு போட்டுக்கிட்டு வந்திருக்காங்களே, அல்சருக்கா வந்தாங்க?" நான், "டாக்டரை நேராவே கேளு அக்கா, கேட்டா சொல்லித்தான் ஆகணும்" என்றேன். மறுநாள் கேட்டார். டாக்டர் அக்காவைப் பார்க்கவில்லை, மகன் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல பாட்டி, நல்லாயிடும்" என்றார். அதன் பிறகு அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை பேர் சேர்ந்து போட்ட நாடகத்தில், தெரியாதவர் மாதிரி நடிக்கும் வேலையையும் நோயாளியின் தலையிலேயே கட்டினோம். பன்னிரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த ஒரு தங்கையிடம் பேசவேண்டும் என்று கடைசி வாரத்தில் ஏதோ சொல்ல முயன்றார். நாக்கு குழறிவிட்டது.

மறைப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, "அவர் தாங்கமாட்டார்." யார் தாங்கமாட்டார்? ஏழு பிள்ளை பெற்று, அதில் ஒன்றைக் கைக்குழந்தையிலேயே கல்லறையில் வைத்தவர். நாற்பத்தெட்டு வயதில் கணவரை இழந்து, தனி ஆளாக நான்கு கல்யாணம் செய்துவைத்தவர். அவருக்குத் தாங்கும் சக்தி இல்லையாம், இருபது வருடமாக ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பிள்ளைக்கு இருக்கிறதாம். அவர் அழுவதைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை. அதை அவருடைய பலவீனமாக எழுதி வைக்கிறோம்.

இரண்டாவது, "வியாதியின் பெயரைச் சொல்லாதே, அது அவிசுவாசம், சுகமாகிவிட்டது என்று அறிக்கை செய்." இது ஜெபக்கூட்டங்களிலிருந்து வந்த பேச்சு. நான் ஜெபத்துக்கு எதிரி இல்லை. ஜெபமாலை சொல்லாமல் படுக்காத வீடு எங்கள் வீடு. வேளாங்கண்ணிக்கு நடந்தும் போயிருக்கிறேன். ஆனால் நம் வில்லியனூர் மாதா யார்? லூர்து மாதா. அந்த லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்தது 1858ல். 1883 முதல் அங்கே டாக்டர்கள் கொண்ட ஓர் அலுவலகம் வேலை செய்கிறது. சுகம் பெற்றேன் என்று யார் வந்தாலும் அவர்கள் முதலில் கேட்பது, என்ன வியாதி, அதற்கு என்ன ஆதாரம், என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். இதுவரை 7000க்கு மேற்பட்டவர்கள் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டது சுமார் 70தான். வியாதி இன்னதென்று எழுதாத ஃபைலை அங்கே எடுக்கவே மாட்டார்கள். புதுமைக்கே டயக்னாசிஸ் வேண்டும் ஐயா! நாம் மட்டும் அல்சர் என்று பொய் சொல்லிக்கொண்டு, புற்றுநோய் குணமாக நவநாள் செய்கிறோம். நோயாளியோ அதே நவநாளில் அல்சருக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.

வேதத்தைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். எரிக்கோவில் பர்த்திமேயு என்ற குருடன் கூப்பிட்டபோது, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவர் அவனைத்தான் கேட்டார். பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு வருடமாகக் கிடந்தவனிடமும் நலம்பெற விரும்புகிறாயா என்று அவனையே கேட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடனின் பெற்றோர், அவன் வயது வந்தவன், அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பயத்தில்தான் அப்படிச் சொன்னார்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பயத்தில் சொன்னாலும் சரியாகச் சொன்னார்கள். எண்பது வயது அம்மாவைப் பற்றி அப்படிச் சொல்ல நம் வீட்டில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

மூன்றாவது, "சாமியாரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்." இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அவஸ்தைப் பூசுதல் என்றால் சாவு என்று அர்த்தம். சாமியார் தெருவில் நுழைந்தாலே அழுகை ஆரம்பித்துவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது: இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல, நோயில் பூசுதல் என்றே சொல்வது நல்லது என்று. 1972ல் ஆறாம் பவுல் பாப்பரசர் சடங்கையும் அதற்கேற்றபடி மாற்றினார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னும் நினைவு தப்பும் வரை காத்திருந்து, அப்புறம்தான் சாமியார் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். நினைவில்லாதவர் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வார்? எப்படி நன்மை வாங்குவார்? என் சிறுவயதில் வீட்டுக்கு வரும் பிரெஞ்சு மரண அறிவிப்புகளில், திருச்சபையின் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று இறந்தார் என்று ஒரு வரி இருக்கும். அப்படி எழுத முடிவதையே குடும்பத்துக்குப் பெருமையாக நினைத்தார்கள். பிரார்த்தனை மாலைகளில் திடீர் மரணத்திலிருந்தும் ஆயத்தமில்லாத மரணத்திலிருந்தும் காப்பாற்றும்படி மன்றாடி வளர்ந்தவர்கள் நாம். இப்போது பிள்ளைகளே ஏற்பாடு செய்து பெற்றோரை ஆயத்தமில்லாமல் அனுப்பிவைக்கிறோம். விபூதிப் புதனன்று, நீ மண்ணாக இருக்கிறாய் என்று நெற்றியில் சாம்பல் பூசிச் சொல்ல வருடாவருடம் சாமியாருக்கு உரிமை உண்டு. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அதைச் சொல்ல டாக்டருக்கு நாம் அனுமதி தருவதில்லை.

நான்காவது, "சிலர் தெரிந்துகொள்ள விரும்பமாட்டார்கள்." இதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. பிரான்சில் 2002 மார்ச் 4ஆம் தேதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. தன் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. கூடவே, எனக்குச் சொல்லவேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதையும் மதிக்கவேண்டும் என்கிறது. இரண்டையும் முடிவு செய்பவர் நோயாளிதான், மூத்த மகன் இல்லை. நம் நாட்டிலும் 2008ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது, உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அவர் கண்விழித்த பிறகு அவரையே கேட்டிருக்கவேண்டும் என்பது அதன் சாரம். பெற்ற தாயின் கையெழுத்தே செல்லாதபோது, பிள்ளைகளின் வாட்ஸ்அப் கமிட்டி எந்த மூலைக்கு?

சொல்வதென்றால் முகத்தில் அடித்தாற்போல் "உனக்குக் கேன்சர், மூன்று மாதம்" என்று சொல்வதில்லை. என் தாய்மாமாவின் விஷயத்தில் ஒரு டாக்டர் செய்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் அவரை வெளியே கூப்பிட்டபோது வர மறுத்துவிட்டார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஐயா, ரிப்போர்ட் வந்திருக்கிறது. உங்களிடம் சொல்லட்டுமா, பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா?" என்று கேட்டார். மாமா, "உடம்பு என்னுதுதானே, என்கிட்டயே சொல்லுங்க" என்றார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் வங்கிப் புத்தகங்களை எடுத்துவரச் சொன்னார். வீட்டுப் பத்திரம் பேரில் இருந்த தகராறைத் தானே தீர்த்தார். நல்ல நினைவோடு நோயில் பூசுதல் பெற்றார், பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று பாட்டுப் பாடினார்கள். காலையில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் வேண்டும் என்றார், சர்க்கரை வியாதிக்காரர்! கொடுத்தோம். ஏழு மாதம் இருந்தார்.

பிரெஞ்சில் நல்லெண்ணத்தோடு சொல்லும் பொய்க்கு "பியோ மான்சோன்ஜ்" என்று பெயர். பக்தியுள்ள பொய் என்று அர்த்தம். பள்ளியில் இதைப் படித்தபோது, பொய்யில் பக்தி எங்கிருந்து வந்தது என்று எங்கள் வாத்தியாரைக் கேட்டோம். "சொல்கிறவனுக்கு நிம்மதி கிடைப்பதால் அவன் வைத்த பெயர்" என்றார். இன்றைக்கும் வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, வீட்டுப் பெரியவர்களை நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்: "நாளைக்கு ஏதாவது பெரிய வியாதி என்றால் முதலில் உங்களிடம் சொல்லவா, வேண்டாமா?" திட்டினால் திட்டட்டும். பதிலை நினைவில் வையுங்கள். ஒரு தாளில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

என் வீட்டில் எழுதியாகிவிட்டது. என் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: "ரிப்போர்ட் எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்லவும். பிறகு மனைவியிடம். பிறகு பிள்ளைகளிடம். குடும்ப வாட்ஸ்அப்பில் நான் சொன்ன பிறகு போடலாம்." கீழே என் கையெழுத்து, தேதி. மூன்று பிள்ளைகளிடமும் படித்துப் பார்த்ததற்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். கடைசிப் பையன் மட்டும், "என்னப்பா இது, ஆபீஸ் மாதிரி" என்று முனகினான். கையெழுத்துப் போட்டான்.