எந்திரம் வந்தால் தொழிலாளி வேண்டாமா?

மோட்டார் என்ஜினுக்குள் 'கேம் ஷாப்ட்' என்ற தண்டு சுழல்கிறது. அதில் முட்டை வடிவத்தில் புடைப்புகள் உண்டு. வால்வுகளைத் திறக்கச் செய்பவை இவைதான்.

உருண்டைத் தண்டைச் சாணை பிடிப்பது எளிது. முட்டை வடிவம் அப்படி அல்ல!

முன்பு ஒரு மாதிரியைச் செய்து பொருத்துவார்கள். எந்திரம் அதை ஒட்டியே தேய்க்கும். மாதிரியில் பிழை இருந்தால் எல்லாத் தண்டிலும் அதே பிழை!

எண்களால் எந்திரத்தை இயக்கும் முறையை 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடம் செய்து காட்டியது. இன்று புடைப்பின் வடிவம் எண்களாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தண்டு சுழலச் சுழல, சாணைச் சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது. மில்லிமீட்டரை 1,000 பங்காக்கி, அந்தக் கணக்கில் அளக்கிறார்கள். தலைமயிர்கூட அதைவிடப் பல மடங்கு தடிமன்!

"அப்படியானால் தொழிலாளி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். அது தவறு.

எந்திரம் சொன்னதைச் செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்யும். சக்கரம் மிஞ்சி அழுத்தினால் சூடேறி உருக்கின் உறுதி கெடும். மேலே பளபளப்பு, உள்ளே விரிசல்! சத்தம் மாறியதுமே சந்தேகப்பட்டு நிறுத்துகிறவர் அனுபவசாலி.

புது எந்திரம் வாங்கும் முதலாளி, பழைய தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அவருக்குக் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம். லாபமும் அதுதான்!